வாய் தவறி வந்த பெரியப்பா

கீழே வருவதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது அல்ல. பெற்ற பிள்ளைகள் மேலும், வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்கள் மேலும் சத்தியம். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். போகும்போது தலைக்கு மேலே ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

புது நாட்டுக்கு வந்த நான்காம் நாள், காலை ஏழேகால் மணிக்கு, லிப்ட் பழுதுபார்க்கும் வேலைக்காக வந்த லிப்ட்காரர் தலை நிறைய சோப்பு நுரையோடும் இடுப்பில் ஒரு துண்டோடும் குளியலறையை விட்டு வெளியே வந்து கூடத்தின் நடுவில் நின்றார். நுரை நெற்றியில் வழிந்து ஒரு கண்ணை மூடியிருந்தது. மற்றக் கண் குளியலறைக் கதவை விட்டு அசையவில்லை. அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி நின்னுபோச்சா?"

"இல்ல. உள்ள ஆள் இருக்கு."

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் பழகிய அலுப்பு. "இதுக்கா? சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லியே."

"பொத்தானுக்கு எட்டு காலு எதுக்கு?" என்றார் லிப்ட்காரர்.

அவரைக் கோழை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய நாட்டில் இருபத்திரண்டாம் மாடியில், லிப்ட் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு மறுகையால் பீடி பற்றவைத்தவர் அவர். பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கும் கீழே உள்ள லிப்ட் குழிக்குள் சுருண்டு கிடந்த பாம்பிடம், "மணி ஆச்சு, கிளம்பு" என்று சொல்லி வழியனுப்பியவர். அந்தப் பாம்பும் கிளம்பியது. ஆனால் எட்டுக்கால் பூச்சி என்றால் மட்டும் பிடரி மயிர் நட்டுக்கொள்ளும், நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. காரணம் தெரிந்த பயத்தைப் பேசிச் சரிசெய்யலாம். இது அந்த வகை இல்லை.

பழைய நாட்டில் இது வெளியே தெரியாமல் பதினாறு வருடம் ஓடியதற்கு அவருடைய வேலை ஜோடிதான் காரணம். அங்கே இருவர் இருவராகத்தான் வேலை. ஜோடிக்காரர் முதலில் நீளத் துடைப்பத்தோடு குழிக்குள் இறங்குவார், ஒட்டடையெல்லாம் அடித்து முடிப்பார், பிறகு கீழிருந்து "வாங்கண்ணே, ஒருத்தரும் இல்ல" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலை நம்பித்தான் லிப்ட்காரர் ஏணியில் கால் வைப்பார். புது நாட்டுக்கு வரும்போது ஸ்பேனர், டெஸ்டர், சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். அந்தக் குரலைக் கட்டி எடுத்துவரப் பெட்டி ஏதும் கிடைக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே போர்மேன் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். போர்மேன் இருபது வருடத்துக்கு முன்னால் அதே பழைய நாட்டிலிருந்து வந்தவர். கீழுதட்டை மடித்துச் சிரிக்கிற ஆள்.

"இங்க ஆளுக்கொரு பை, ஆளுக்கொரு குழி. மூணு மாசம் பாப்பாங்க. அப்புறம் ஒரு டெஸ்டு. கீழ இறங்கி அரை மணி நேரம் இருக்கணும். ஸ்பிரிங்க பாக்கணும், வடத்த பாக்கணும், தரையத் தொடைக்கணும், மேல வரணும். அவ்வளவுதான்."

"தனியாவா?"

"இல்ல, உங்க மாமியாரையும் கூட்டிட்டு வாங்க. தனியாத்தான்யா."

"தேறலன்னா?"

"பெர்மிட்டு போச்சு. வந்த மாதிரியே திரும்பிப் போகணும். மூணு பேரும்."

திரும்பிப் போனால் இறங்குவதற்கு இடம் இல்லை. வீட்டை விற்றாயிற்று. மனைவி பதினோரு வருடம் உட்கார்ந்த வேலையை விட்டாயிற்று. குட்டி என்று அழைக்கப்படும் ஆறு வயது மகள், தன் சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்த பிறகு அழாமல் இருந்து காட்டினாள். வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக்கூட லிப்ட்காரர் தன் கையாலேயே திருகாணி கழற்றி எடுத்திருந்தார். சுவரில் நான்கு ஓட்டைகள்தான் பாக்கி.

இரண்டாம் வாரம், ஒரு அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்று லிப்ட் கதவைத் திறந்து, டார்ச்சைக் குழிக்குள் அடித்துப் பார்த்தார். பழைய நாட்டுக் குழிகளில் எண்ணெய்ப் பிசுக்கும் பிளாஸ்டிக் பையும் கிடக்கும். இந்தக் குழி துப்புரவாக இருந்தது. தரையிலிருந்து ஏணியின் மூன்றாம் படி வரைக்கும் சாம்பல் நிறத்தில் மெத்தை விரித்தது போல வலை. வெளிச்சம் பட்டதும் அந்த மெத்தை முழுவதும் ஊசிமுனை அளவுப் பச்சைப் புள்ளிகள் மின்னின. இரண்டிரண்டாக. டார்ச்சை இடப்பக்கம் திருப்பினார். புள்ளிகளும் இடப்பக்கம் திரும்பின. லிப்ட்காரர் கதவைச் சாத்தி, வேலைத் தாளில் 'சரி' என்று எழுதிவிட்டு வந்தார்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். பழைய நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற மேசை அவளுடையது. நாளைக்கு நானூறு பேர். அடிக்க வருகிறவன், அழுகிறவன், குடித்துவிட்டு வருகிறவன், வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறவன். எல்லோரையும் அவள் ஒரே ஒரு வித்தையால் அடக்கினாள்.

"முறை வச்சுக் கூப்பிடணுங்க. கத்திக்கிட்டு வரவனை 'அண்ணே, செத்த உக்காருங்க'ன்னா உக்காந்துருவான். ஆறடி ஆளு, கையில கட்டையோட வந்தான். 'தம்பி, அக்கா சொல்றேன்ல'ன்னேன். கட்டைய மேசைக்கு அடியில வச்சுட்டு டோக்கன் வாங்கிட்டுப் போனான். சொந்தம்னு ஆயிட்டா பயமும் போயிரும், பகையும் போயிரும்."

"எட்டுக்கால் பூச்சிய என்னன்னு கூப்பிடறது?"

அவள் கத்தியை நிறுத்தி யோசித்தாள். "மச்சான்னு கூப்பிடுங்க. மச்சான்கிட்ட யாராச்சும் பயப்படுவாங்களா?"

"உன் தம்பிகிட்ட நான் பயப்படறேனே."

"அவன் திங்கற சோத்துக்குப் பயப்படறீங்க. அது வேற."

குளியலறையில் இருந்தது இதற்குள் கூடத்துக்குக் குடிவந்திருந்தது. வாசற்கதவுக்கு மேலே, சுவரும் கூரையும் சேர்கிற மூலையில் உட்கார்ந்திருந்தது. பொத்தானாக இருந்தது இப்போது தேநீர்க் கோப்பையை வைக்கிற சாசர் அளவுக்கு வந்திருந்தது. அதைவிடக் கொஞ்சம் பெரிது என்பதுதான் உண்மை. நம்ப மாட்டீர்கள் என்பதால் சாசர் என்றே வைத்துக்கொள்வோம். லிப்ட்காரர் அதற்கு நேர் கீழே போய் நின்றார். மனைவி பின்னாலிருந்து "ம், கூப்பிடுங்க" என்றாள். குட்டி நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தாள்.

லிப்ட்காரர் தொண்டையைச் செருமினார். மனதுக்குள் மச்சான், மச்சான் என்று நான்கு முறை சொல்லிப் பார்த்தார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அது மெதுவாகத் திரும்பி, இருக்கிற எல்லாக் கண்களாலும் அவரைப் பார்த்தது.

"பெரியப்பா" என்றார் லிப்ட்காரர்.

மூலையில் இருந்தது ஒரு காலை எடுத்து, மிகவும் நிதானமாக, இன்னொரு இடத்தில் வைத்தது. சரி என்று ஏற்றுக்கொள்கிறவர்கள் அப்படித்தான் காலை மாற்றி வைப்பார்கள்.

"என்னங்க சொன்னீங்க?" மனைவியின் குரல் தாழ்ந்திருந்தது.

"வாய் தவறிருச்சு."

"மச்சான்னா கிண்டல் பண்ணலாம். போடான்னு வெரட்டலாம். ஒட்டடைக் கம்பால ரெண்டு தட்டு தட்டினாலும் கோவிச்சுக்க மாட்டான். பெரியப்பாவ எப்படிங்க வெளிய போகச் சொல்றது?"

"இல்லன்னு சொல்லிரலாமா?"

"கூப்பிட்ட முறைய வாபஸ் வாங்கறதா? எந்தக் குடும்பத்துல அப்படி நடந்திருக்கு?"

லிப்ட்காரருடைய சொந்தப் பெரியப்பா காலமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வாழ்நாளில் குரலை உயர்த்தாதவர். கூடத்து மூலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் பார்த்தாலே போதும், ஓடிக்கொண்டிருக்கிற மின்விசிறிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தப் பார்வை நினைவுக்கு வந்து நாக்கைப் புரட்டிவிட்டது. வேறொன்றுமில்லை. ஆனால் புரண்டது புரண்டதுதான். அன்றிலிருந்து மூலையில் இருந்தது மூலையில் இருப்பவர் ஆனார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வித்தை பலித்தது. பெரியப்பா இருக்கிற கூடத்தில் லிப்ட்காரரால் நிற்க முடிந்தது. உட்காரத்தான் முடியவில்லை. உட்கார்ந்தாலும் கால்மேல் கால் போடவில்லை. தொலைக்காட்சியில் சத்தம் குறைந்தது, பிறகு படமும் நின்றது. வெளியே கிளம்பும்போது "போயிட்டு வரேன் பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார். புதுச் சட்டை வாங்கினால் மூலையில் காட்டிவிட்டுத்தான் போட்டுக்கொண்டார். பிடரி மயிர் மட்டும் முன்பு நட்டுக்கொண்டது போலவே நட்டுக்கொண்டிருந்தது. அதற்கு இப்போது மரியாதை என்று பெயர்.

பெரியப்பா கிடைத்ததும் மற்ற உறவுகள் தாமாகவே அமைந்தன. வேலையிடத்தில் குழிக்கதவைத் திறந்து, டார்ச் அடித்து, "சித்தப்பா, கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா? அத்தை, கால் வைக்கணும்" என்று சொல்லிப் பார்த்தார். சாம்பல் மெத்தையின் நடுவே ஒரு பாதம் வைக்கிற அளவுக்கு இடம் விலகியது. முதல் வாரம் ஒரு படி. அடுத்த வாரம் இரண்டு. எட்டாம் வாரம் குழியின் தரையில் மூன்று நிமிடம் நின்றார். சுற்றிலும் மாமாக்களும் சித்திகளும் பச்சைக் கண்களோடு சுவரில் அடுக்கடுக்காக உட்கார்ந்து, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியர்வை முதுகில் இறங்கிப் பெல்ட்டில் போய்த் தேங்கியது. ஆனாலும் நின்றார்.

போர்மேன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "கீழ யாருகிட்டய்யா பேசறீங்க?"

"சொந்தக்காரங்க."

"பொண்டாட்டி புள்ளையத்தானே கூட்டிட்டு வந்தீங்க. சொந்தமெல்லாம் எப்ப வந்துச்சு?"

"அவங்க நமக்கு முன்னாடியே வந்துட்டாங்க."

போர்மேன் கீழுதட்டை மடித்துச் சிரித்தார். ஒருவரைச் சிரிக்க வைத்துவிட்டால் இன்னொரு முறை சிரிக்க வைக்கத் தோன்றும். சாப்பாட்டு இடைவேளையில், குழிக்கதவு திறந்தே கிடக்க, லிப்ட்காரர் இன்னொன்றையும் சொன்னார்: "எங்க வீட்டுல ஒரு பெரிசு இருக்கு. வேலை கெடையாது, வெட்டி கெடையாது. மூலையில உக்காந்துக்கிட்டு மொறைக்கும். சாப்பாடு ஈ, கொசு. அதையும் நாமதான் ஜன்னலத் திறந்து வச்சு வரவழைக்கணும்." போர்மேனுக்குப் புரையேறியது. குழிக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. சாதாரணமாக ஒரு சலசலப்பு இருக்கும். அதுவும் இல்லை.

குடும்பத்தில் ஒரு சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாலை அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் மனைவி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரப் பத்தி எங்கயாவது ஏதாவது பேசுனீங்களா?"

"ஏன்?"

"மத்தியானத்துலருந்து முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு."

லிப்ட்காரர் கை கட்டி மூலைக்குக் கீழே நின்றார். தப்புதான் என்றார். விளையாட்டாகச் சொன்னது என்றார். பெரியப்பா திரும்பவில்லை. அவருடைய முதுகில் ஒரு முகம் போன்ற வடிவம் இருப்பதை லிப்ட்காரர் அன்றுதான் பார்த்தார். அந்த முகமும் அவரைப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து எந்தக் குழியிலும் யாரும் ஒதுங்கவில்லை. நகரத்தின் இந்தக் கோடிக் கட்டடமானாலும் அந்தக் கோடிக் கட்டடமானாலும், டார்ச் அடித்தால் பச்சைப் புள்ளிகள் இல்லை, முதுகுகள்தான். "சித்தப்பா" என்று அவர் அழைத்த குரல் குழிக்குள் விழுந்து, பஞ்சுப் பொதியில் விழுந்தது போல அப்படியே கிடந்தது. வலை மட்டும் வளர்ந்தது. மூன்றாம் படி வரை இருந்தது ஐந்தாம் படிக்கு ஏறியது. டெஸ்டுக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

அந்த வாரம் குட்டியின் வகுப்பில் குடும்பத்தை வரையச் சொன்னார்கள். அவள் நான்கு பேரை வரைந்தாள். அப்பா, அம்மா, அவள். மூவரும் தாளின் அடியில் எறும்பு அளவில் இருந்தார்கள். மேல் பாதி முழுவதும் பெரியப்பா. வகுப்பு ஆசிரியை தாளின் பின்பக்கம் எழுதி அனுப்பியிருந்தார்: 'உங்களோடு வசிக்கும் நான்காவது நபரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறோம்.' மனைவி அந்தத் தாளை இரண்டாக மடித்து, இன்னும் இரண்டாக மடித்து, மூலையில் இருப்பவர் கண்ணில் படாமல் அலமாரிக்குள் வைத்தாள்.

"எதுக்கும்மா ஒளிக்கிற? அவரு பாத்துட்டாரு. நல்லாருக்குன்னு சொன்னாரு" என்றாள் குட்டி.

"அவரு பேசுவாரா?" என்றார் லிப்ட்காரர்.

"என்கிட்ட பேசுவாரு. நீங்கதான் அவரப் பேச விடறதே இல்ல, மன்னிப்பு கேட்டுக்கிட்டே இருக்கீங்க."

"வேற என்ன சொன்னாரு?"

"அப்பா கீழ போக வேணாமாம். அங்க இடம் இல்லையாம். எல்லாரும் வந்துட்டாங்களாம்."

"யாரு எல்லாரும்?"

குட்டி தோளைக் குலுக்கினாள். "நம்ம ஆளுங்கதான்."

டெஸ்டுக்கு முந்தின மாலை, மனைவி அவருடைய நீல வேலையுடுப்பைத் துவைத்து, இஸ்திரி போட்டு, வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். பெல்ட்டும் தொப்பியும் அதே ஆணியில். பூட்ஸ் கீழே. லிப்ட்காரர் மூலையைப் பார்த்து நின்று, அவர் கோபித்துக்கொண்ட பிறகு முதல் தடவையாக மன்னிப்புக் கேட்காமல் பேசினார்.

"பெரியப்பா, நாளைக்கு நான் இறங்கியே ஆகணும். உங்களுக்குப் பிடிக்கலன்னு தெரியும். என் புள்ளைக்குத் திரும்பிப் போக வீடு இல்ல. பயமாத்தான் இருக்கு. பயத்தோடவே இறங்கறேன். அங்க என்ன நடந்தாலும் சரி."

பெரியப்பா திரும்பினார். அந்த முகம் கோபமாக இருந்ததா, வேறெப்படியோ இருந்ததா என்பதை எட்டுக் கண்ணில் எதை வைத்துச் சொல்வது? வெகுநேரம் பார்த்தார். அவர் பார்வை லிப்ட்காரரின் தோள்களை, கைகளை, கால்களை, தையல்காரர் அளவெடுப்பது போல ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனது. பிறகு ஒரு காலை எடுத்து, நிதானமாக, இன்னொரு இடத்தில் வைத்தார்.

காலையில் மூலை காலியாக இருந்தது.

லிப்ட்காரர் கூடத்தின் நான்கு மூலைகளையும் பார்த்தார். குளியலறையில் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் மனைவி பார்த்தாள். எங்கும் இல்லை. ஒரு நிமிடம் இருவர் முகத்திலும் ஏதோ ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. அப்புறம்தான் மனைவி ஆணியைப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. உடுப்பு இல்லை, பெல்ட் இல்லை, தொப்பி இல்லை. கீழே பூட்ஸ் மட்டும் ஜோடியாக, வைத்த இடத்திலேயே இருந்தது. இத்தனை கால் உள்ளவருக்கு ஒரு ஜோடியால் என்ன பயன் என்று விட்டுவைத்தது போல.

லிப்ட்காரர் கதவைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். கதவு திறந்தது. வாசல் திறக்கவில்லை. நிலையின் மேலிருந்து கீழ் வரை, இடமிருந்து வலம் வரை, ஒரு மெழுகுத்துணித் திரை போல வலை. வராந்தாவின் வெளிச்சம் அதில் பால் நிறத்தில் பரவியிருந்தது. கையால் தள்ளினார். விரல் அளவுகூட உள்வாங்கவில்லை. கத்தியால் அறுத்தார். கத்தி வழுக்கியது. குனிந்து ஒரு நூலை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பதினாறு வருடம் வடம் பார்த்த விரல்கள் தாமாகவே எண்ணின. ஆறு புரி, நடுவில் ஒரு கரு, புரிக்குப் பத்தொன்பது இழை, வலப்பக்க முறுக்கு. லிப்ட் பெட்டியைத் தாங்குகிற இரும்பு வடத்தைத் திரிக்கிற கணக்கு அது. ஒன்றரை டன் தாங்கும்.

"நம்மள உள்ள வச்சுப் பூட்டிட்டாரு" என்றார்.

மனைவி முடிச்சுகளைத் தடவிக்கொண்டிருந்தாள். முடிச்சு ஒன்றுகூட இந்தப் பக்கம் இல்லை. "இது உள்ளருந்து பின்னினது இல்லீங்க" என்றாள். "வெளிய போயி, அங்க நின்னு பின்னியிருக்காரு."

போர்மேனுக்குப் போன் அடித்தார். டெஸ்டு நாளில் போர்மேன் போனை அணைத்து வைத்துவிடுவார். மணி எட்டு ஆனது. எட்டரை ஆனது. நான்காம் மாடி ஜன்னலுக்கு வெளியே நகரம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் ஒரு லிப்ட் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. லிப்ட்காரர் பனியனோடு கூடத்தில் உட்கார்ந்தார். மூலை காலியாக இருந்தும் கால்மேல் கால் போட வரவில்லை. பெர்மிட் போயிற்று, சைக்கிள் போயிற்று, பெயர்ப் பலகை போயிற்று என்று வாய் முணுமுணுத்தது. ஆனால் உள்ளுக்குள் அதைவிடப் பெரிய ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு போனவர் யாராகத் திரும்பி வருவார்? அதைச் சொல்லிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. மனைவியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் குட்டியின் கையைப் பிடித்திருந்த பிடியில் அது தெரிந்தது. மதியம் ஒருவரும் சாப்பிடவில்லை.

மாலை ஐந்தரை மணிக்குப் படிக்கட்டில் காலடி கேட்டது. வேலை முடிந்து வருகிறவரின் காலடி, அசதியாக, அவசரமில்லாமல். குட்டி காதைத் தீட்டிக்கொண்டு எண்ணினாள். "ரெண்டு... நாலு... ஆறு..." என்றாள். "ஒரு படிதாம்மா ஏறியிருக்காரு."

மனைவி எழுந்து போய் மேசைத் தலைமாட்டு நாற்காலியை இழுத்து, புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள். லிப்ட்காரர் எழுந்து நின்றார். வாசலில், அந்தப் பால்நிறத் திரையில், நீல நிறமாக ஒரு நிழல் அடியிலிருந்து ஏறி ஏறி நிலை முழுவதும் நிறைந்தது. பிறகு மறுபக்கத்தில் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழத் தொடங்கின.

அன்றைய வருகைப் பதிவேட்டில் உள்ளது இது: லிப்ட்காரர் காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார், அரை மணி நேரம் குழிக்குள் இருந்து டெஸ்டில் தேறியிருக்கிறார், பாதுகாப்புக் கயிறு கட்டாமல் இறங்கியதற்காக ஒரே ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள்.